செய்தி எங்கே முடிகிறது?

சென்னை எழும்பூரிலிருந்து மதுரைக்குச் செல்லும் பாண்டியன் எக்ஸ்பிரஸின் எண் 12637. அந்த வண்டியில் 61 வயதான மீனாட்சி என்ற அம்மையாருக்கு ஓர் இடம் வேண்டும் என்று, கையிலுள்ள தொலைபேசியிலிருந்து எங்கோ ஒரு கட்டடத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் கணினிக்கு ஒரு விண்ணப்பம் செல்வதாக வைத்துக்கொள்வோம். ரெயில்வேயின் உண்மையான ஏற்பாடு இதைவிட எத்தனையோ மடங்கு விரிவானது. விளக்கத்தின் பொருட்டு நான் அமைத்துக்கொண்ட சிறு உதாரணம் இது. இதில் உள்ளவை மூன்றே விஷயங்கள்: ஒரு வண்டி எண், ஒரு பெயர், ஒரு வயது. மனிதர் இருவருக்கிடையே ஒரே வாக்கியத்தில் முடிந்துபோகும் இந்த வியவகாரத்தை, கேட்கும் யந்திரமாகிய கிளையண்டும் கொடுக்கும் யந்திரமாகிய சர்வரும் பிழையின்றி நடத்தி முடிப்பதற்கு எத்தனை உடன்பாடுகள் முன்கூட்டியே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், நாள்தோறும் கோடிக்கணக்கான தடவை பிசகாமல் நடக்கும் இந்தக் காரியத்தின்மீது உண்மையான மரியாதை பிறக்கும்.

வெவ்வேறு வகையான கணினி வலைப்பின்னல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பேசவைக்கும் முறை ஒன்றை, வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1974-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். அதன் வழிவந்ததே டி.சி.பி. என்று இன்று உலகெங்கும் வழங்கும் நெறிமுறை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் வளர்ந்த ஆர்ப்பாநெட் என்ற வலைப்பின்னல் 1983 ஜனவரி 1 அன்று இந்த முறைக்கு மாறிற்று. அதே ஆண்டில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தார் வெளியிட்ட 4.2 பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் பதிப்பில், சாக்கெட் என்ற ஏற்பாடு நிரல் எழுதுவோர் கைக்கு வந்தது. தன் கணினியிலுள்ள ஒரு கோப்பைத் திறந்து எழுதுவதும் படிப்பதும் போன்ற அதே எளிமையோடு, ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள மற்றொரு கணினிக்கு எழுதவும் அதனிடமிருந்து படிக்கவும் அது வழிசெய்தது. மறுமுனையிலுள்ள கணினியின் முகவரியும், அந்தக் கணினிக்குள் எந்த நிரலோடு பேச வேண்டும் என்பதைக் குறிக்கும் 0 முதல் 65535 வரையிலான ஒரு போர்ட் எண்ணும் தெரிந்தால் போதும், இணைப்பு கிடைத்துவிடும். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும், நம் தொலைபேசியில் வங்கிக் கணக்கைப் பார்ப்பதிலிருந்து குடும்பத்தாரோடு செய்தி பரிமாறிக்கொள்வது வரை பெரும்பாலான காரியங்களுக்கு அடியில் நிற்பது அந்த ஏற்பாடும் அதைப் பின்பற்றி அமைந்தவையுமே.

டி.சி.பி. தரும் உறுதிமொழி மிக உயர்ந்தது. அனுப்பிய பைட்டுகள், அனுப்பிய வரிசையிலேயே, இடையில் குறைவும் மிகுதியும் இன்றி மறுமுனையில் வந்து சேரும். வழியில் தொலைந்த பகுதி மீண்டும் அனுப்பப்படும். முன்பின்னாக வந்தவை கிரமமாக அடுக்கப்படும். இவற்றுள் எதைப் பற்றியும் மேலிருக்கும் நிரல் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு செய்தி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் பற்றி மட்டும் டி.சி.பி. வாய் திறப்பதில்லை. அதன் கண்ணுக்குச் செய்தி என்று ஒன்று கிடையாது. இடையறாது ஓடும் பைட்டுகளின் பிரவாகம் மாத்திரமே உண்டு.

நம் ஏட்டுச் சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை எளிதில் விளங்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியின்றி, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இன்றி, ஓலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எழுத்துக்கள் தொடர்ந்து ஓடும்; எங்கே சொல் முடிகிறது, எங்கே அடி முடிகிறது என்பதை யாப்பும் இலக்கணமும் பொருளும் அறிந்த புலவரே பிரித்துக் காண வேண்டும். அந்தப் பணிக்கு உ.வே. சாமிநாதையர் போன்றவர்கள் தம் ஆயுளையே அர்ப்பணித்தனர். யந்திரத்துக்கு அந்தப் புலமை கிடையாது. ஊகித்துப் பிரிக்க அதனால் இயலாது. ஆகவே எல்லையை யாரேனும் அதற்கு முன்னரே சொல்லிவிட வேண்டும்.

நிரல் எழுதப் புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் இதுவே. இந்த முனையில் ஒரு தடவை எழுதினால் அந்த முனையில் ஒரு தடவை படித்ததும் முழுச் செய்தியும் கைக்கு வந்துவிடும் என்று அவர்கள் நம்புகின்றனர். மேஜைமேல் இருக்கும் ஒரே கணினிக்குள் இரண்டு நிரல்களையும் ஓடவிட்டுச் சோதிக்கும்போது அநேகமாக அப்படியே நடந்தும்விடுவதால், அந்த நம்பிக்கை மேலும் வலுக்கிறது. உண்மையான வலைப்பின்னலிலோ, ஈதர்நெட் கம்பி ஒரு தடவையில் சாதாரணமாகச் சுமப்பது 1500 பைட்டுகளே. அதற்கு மேற்பட்ட செய்தி துண்டுகளாகவே செல்லும். முதல் துண்டு வந்து, அடுத்த துண்டு வருவதற்கு முன்பாகவே படிக்கும் நிரல் கையை நீட்டினால் அதற்குக் கிடைப்பது பாதிச் செய்திதான். இதற்கு நேர்மாறாக, மிகச் சிறிய செய்திகளைத் தனித்தனியே அனுப்பினால் வலைப்பின்னல் வீணாக நெரிசலுறும் என்பதைக் கண்டு, ஜான் நேகல் என்பவர் 1984-இல் வகுத்த முறைப்படி, சிறு செய்திகள் சில சமயம் ஒன்றாகச் சேர்த்தே அனுப்பப்படும். அப்பொழுது ஒரே வாசிப்பில் ஒன்றரைச் செய்தி வந்து நிற்கும். இது யந்திரத்தின் குற்றமன்று, டி.சி.பி. தான் சொன்னதைச் சொன்னபடியே செய்கிறது. வந்ததை ஓரிடத்தில் சேமித்து, முழுச் செய்தியும் சேரும் வரை பொறுத்திருந்து, சேர்ந்தபின் அதை மட்டும் பிரித்தெடுத்து, மிச்சத்தை அடுத்த செய்திக்கென்று பத்திரப்படுத்துவது படிக்கும் நிரலின் கடமை.

எல்லையைச் சொல்லும் வழிகளுள் பழமையானது, முடிவில் ஓர் அடையாளம் இடுவது. மின்னஞ்சல் அனுப்புவதற்கென்று 1982-இல் வகுக்கப்பட்ட நெறிமுறையில், ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் தனித்து நின்றால் கடிதம் முடிந்தது என்று பொருள். அப்படியானால், கடிதம் எழுதுபவரே ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி வைத்துவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் அதிலேயே பரிகாரம் சொல்லப்பட்டிருக்கிறது: புள்ளியில் தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அனுப்புபவர் இன்னொரு புள்ளியைச் சேர்க்க வேண்டும், பெறுபவர் அந்த உபரிப் புள்ளியை நீக்கிவிட வேண்டும். கடிதத்தை வாசிப்பவர் இதை ஒருநாளும் அறியமாட்டார்.

இன்னொரு வழி, செய்தியின் நீளத்தை அதன் முன்னால் எழுதிவிடுவது. இனி 28 பைட்டுகள் வருகின்றன என்று அறிவித்துவிட்டு 28 பைட்டுகளை அனுப்பினால், பெறும் யந்திரம் எண்ணிக் கொள்ளலாம். உள்ளே எந்த எழுத்து, எந்த அடையாளம் இருந்தாலும் குழப்பம் இல்லை. நம் மீனாட்சி அம்மையாரின் விண்ணப்பத்துக்கு இந்த முறையே பொருத்தமானது என்பது என் அபிப்பிராயம். ஆனால் இதுவும் தோன்றும் அளவுக்கு எளிதன்று.

முதலாவது, எண்ணை எப்படி எழுதுவது? ஒரு பைட்டில் அடங்குவது 0 முதல் 255 வரையிலான எண் மட்டுமே. 12637 அதில் அடங்காது. அதை இரண்டு பைட்டுகளில் 49, 93 என்று எழுத வேண்டும். 49-ஐ 256-ஆல் பெருக்கி 93-ஐக் கூட்டினால் 12637 வரும். ஆனால் இன்டெல் வகைக் கணினிகள் தம் நினைவகத்தில் சிறிய பகுதியை முதலிலும் பெரிய பகுதியைப் பின்னரும் வைக்கின்றன, ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரிய கணினிகள் பெரியதை முதலில் வைக்கும் வழக்கமுடையவை. ஒன்று 49, 93 என்று அனுப்பியதை மற்றது தன் வழக்கப்படி தலைகீழாக வாசித்தால், வண்டி எண் 23857 ஆகிவிடும். செய்தியின் நீளத்தையே இப்படி வாசித்துவிட்டால் அனர்த்தம் இன்னும் பெரிது: நான்கு பைட்டுகளில் 0, 0, 0, 28 என்று எழுதியதைத் தலைகீழாகக் கொள்ளும் சர்வர், நாற்பத்தாறு கோடிக்கும் அதிகமான பைட்டுகள் வரவிருக்கின்றன என்று நம்பி, வராத செய்திக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். எந்த வரிசை சிறந்தது என்ற விவாதம் ஒரு காலத்தில் மிகச் சூடாக நடந்தது. ஜோனதன் ஸ்விஃப்ட் 1726-இல் எழுதிய கலிவரின் பயணக் கதையில், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காக இரு கட்சியினர் பகைத்துக்கொள்வார்கள். டேனி கோஹன் என்ற விஞ்ஞானி 1980-இல் எழுதிய ஒரு குறிப்பில் அந்தக் கட்சிகளின் பெயர்களையே இந்த இரு வழக்கங்களுக்கும் சூட்டி, இரண்டில் எது என்பது முக்கியமன்று, எல்லோரும் ஒன்றுக்கு இணங்குவதே முக்கியம் என்று வற்புறுத்தினார். இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளில் பெரிய பகுதி முதலில் என்ற வழக்கமே நிலைத்தது. தன் சொந்த வழக்கம் எதுவாயினும், வெளியே அனுப்பும்போது அந்தப் பொது வழக்கத்துக்கு மாற்றியே ஒவ்வொரு கணினியும் அனுப்புகிறது.

இரண்டாவது, பெயரின் நீளம். தமிழர்களாகிய நாம் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. மீனாட்சி என்ற பெயரில் நம் கண்ணுக்குத் தெரிவன மீ, னா, ட், சி என்ற நான்கு எழுத்துக்கள். யூனிகோட் முறையில் உயிர்மெய்யின் குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கப்படுவதால், அதே பெயர் எட்டுக் குறியீடுகள் ஆகிறது. கென் தாம்சன், ராப் பைக் என்ற இருவர் 1992-இல் அமைத்ததும் இன்று இணையத்தில் பெரும்பான்மையாக வழங்குவதுமான யு.டி.எஃப்.-8 முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகள் கொள்வதால், சாக்கெட் வழியே செல்லும்போது அது 24 பைட்டுகள். நான்கா, எட்டா, இருபத்து நான்கா? ஆங்கிலப் பெயர்களை மட்டுமே வைத்துச் சோதித்த ஒருவருக்கு இந்த வேற்றுமை ஒருபோதும் புலப்படாது. அங்கே மூன்று கணக்கும் ஒன்றே. அவர் எழுதிய நிரல், பெயரின் நீளம் 8 என்று அறிவித்துவிட்டு 24 பைட்டுகளை அனுப்புமானால், பெறும் சர்வர் எட்டே பைட்டுகளைப் பெயராகக் கொள்ளும். அதில் மீ என்ற எழுத்து முழுதாகவும், அடுத்த னகரத்தின் மூன்று பைட்டுகளில் இரண்டும் இருக்கும். பெயரை அடுத்து வருவது ஒரு பைட்டு நீளமுள்ள வயது என்பது உடன்பாடாகையால், ஒன்பதாவது பைட்டை, அதாவது அந்த னகரத்தின் மிச்சத்தை, சர்வர் வயதாக வாசிக்கும். அந்தப் பைட்டின் மதிப்பு 169. அறுபத்தொரு வயது அம்மையார் நூற்று அறுபத்தொன்பது வயதினராகி, பெயரும் சிதைந்து, அதற்குப் பின் வரும் செய்திகள் அத்தனையும் இடம் பெயர்ந்துவிடும். தமிழ்ப் பெயர்களைச் சில அரிய விதிவிலக்குகள் என்று கருதாமல், சோதனையின் முதல் நாளிலேயே அவற்றையும் இட்டுப் பார்க்க வேண்டும் என்று நம் இளைஞர்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

மூன்றாவது, அறிவித்த நீளத்தை நம்பலாமா என்பது. இதற்கு உலகம் அறிந்த பதில் ஒன்று உண்டு. இணையத்தில் ரகசியமாகப் பேசுவதற்கு எண்ணற்ற சர்வர்கள் உபயோகித்துவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல்தொகுதியில், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரு சிறு ஏற்பாடு இருந்தது. ஒரு முனை சில பைட்டுகளை அனுப்பி, அவற்றின் நீளத்தையும் சொல்லி, இவற்றை அப்படியே திருப்பி அனுப்பு என்று கேட்கும். மறுமுனை அவ்வாறே செய்யும். 2012 மார்ச்சில் வெளிவந்த பதிப்பிலிருந்து, கேட்பவர் சொன்ன நீளத்தையும் உண்மையில் வந்த பைட்டுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சோதனை விடுபட்டிருந்தது. ஒரே ஒரு பைட்டை அனுப்பிவிட்டு, நான் அனுப்பியது அறுபத்தையாயிரம் பைட்டு என்று ஒருவர் பொய் சொன்னால், சர்வர் அதை மெய்யென்று கொண்டு, அந்த ஒரு பைட்டோடு தன் நினைவகத்தில் அதை அடுத்துக் கிடந்த ஏறக்குறைய 64 கிலோபைட் அளவுள்ள பிறர் விஷயங்களையும் சேர்த்து அள்ளிக் கொடுத்துவிடும். அவற்றுள் கடவுச்சொற்களும், சர்வரின் ரகசியத் திறவுகோலுமே இருக்கக்கூடும். ஹார்ட்பிளீட் என்று பெயர் பெற்ற இந்தக் குறையை, கூகுளைச் சேர்ந்த ஓர் ஆய்வாளரும் பின்லாந்தின் கோடெனோமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியே கண்டுபிடித்தனர். 2014 ஏப்ரல் 7 அன்று அது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. சில தினங்களுக்குள் கனடாவின் வருமான வரித்துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் களவுபோயின. ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டொரு வரிகள் இல்லாததன் விலை அது. எல்லையைச் சொல்லும் உரிமையை அனுப்புபவரிடம் கொடுத்துவிட்டோமானால், அதைச் சோதிக்கும் பொறுப்பைப் பெறுபவர் ஒருநாளும் கைவிடலாகாது.

எல்லை வகுத்தாயிற்று, இனி அதற்குள் இருப்பதன் ஸ்வரூபம். நாம் மேலே கண்ட முறையில், எத்தனையாவது பைட்டில் எது இருக்கிறது என்பதை இரு முனைகளும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். செய்தியில் அதற்கான விளக்கம் எதுவும் இராது. அதனால் விண்ணப்பம் 28 பைட்டுகளில் அடங்குகிறது: வண்டி எண்ணுக்கு இரண்டு, பெயரின் நீளத்துக்கு ஒன்று, பெயருக்கு 24, வயதுக்கு ஒன்று. இதற்கு மாறாக, ஒவ்வொரு விஷயத்தோடும் அதன் பெயரையும் சேர்த்து, மனிதரும் வாசிக்கக்கூடிய எழுத்து வடிவிலேயே அனுப்பும் முறைகள் உண்டு. 1998-இல் எக்ஸ்.எம்.எல். வந்தது, அது நிறைவானது, ஆனால் சிறு காரியங்களுக்குப் பாரமானது. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் 2001-ஐ ஒட்டிப் பரப்பிய ஜேசன் அதைவிட எளியது. இன்று பெரும்பாலான இணையச் சேவைகள் பேசும் வடிவம் இதுவே. அதே விண்ணப்பத்தை, இனங்களுக்குச் சுருக்கமான ஆங்கிலப் பெயர்களிட்டு ஜேசனில் எழுதிப் பார்த்தால் 58 பைட்டுகள் வருகின்றன. இரட்டிப்புக்குச் சற்றே அதிகம். ஆனால் பிழை நேர்ந்தால் கண்ணால் பார்த்தே கண்டுகொள்ளலாம் என்ற சௌகரியத்துக்கு அந்த விலை பெரிதன்று என்றே நான் கருதுகிறேன். எழுத்து வடிவத்திலும் பொறிகள் இல்லாமல் இல்லை. ஜேசனை வாசிக்கும் நிரல்மொழிகளுள் ஒன்றான ஜாவாஸ்கிரிப்ட் தன் சாதாரண எண்களை வைக்கும் முறையில் 9007199254740992-க்கு மேற்பட்ட முழு எண்கள் எல்லாவற்றையும் பிசகின்றிக் குறிக்க இயலாது; அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி அனுப்பினால், கூட்டிய அந்த ஒன்று மறைந்துபோகும். தன் செய்திகளுக்கு இடும் அடையாள எண்கள் இந்த எல்லையைத் தாண்டும் நிலை வந்தபோது, ட்விட்டர் நிறுவனம் அதே எண்ணை எழுத்துத் தொடராகவும் சேர்த்து அனுப்பலாயிற்று.

நாளடைவில் விண்ணப்பம் மாறும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு, கீழ்ப் படுக்கை வேண்டுமா என்ற கேள்வியும் சேரலாம். சர்வரை ஒரே இரவில் புதுப்பித்துவிட முடியும். லட்சக்கணக்கானவர்களின் கைகளிலுள்ள பழைய செயலிகளை அப்படிப் புதுப்பிக்க முடியாது. கூகுள் தன் உபயோகத்துக்கென்று உருவாக்கி 2008-இல் உலகுக்குக் கொடுத்த புரோட்டோகால் பஃபர்ஸ் என்ற முறை, இதற்கு மிக நேர்த்தியான வழி கண்டிருக்கிறது. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு நிரந்தர எண் உண்டு; தான் அறியாத எண் வந்தால் பழைய நிரல் அதைத் தாண்டிச் சென்று, அறிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும்; ஒருமுறை ஒரு பொருளுக்கு வழங்கிய எண்ணை, அந்தப் பொருள் வழக்கொழிந்த பின்னும் வேறு எதற்கும் கொடுக்கலாகாது.

வடிவம் சரியாக இருந்தும் அர்த்தம் தவறுவதும் உண்டு. செவ்வாய்க் கிரகத்தை ஆராயச் சென்ற மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று அழிந்ததற்குக் காரணம், உந்துவிசையின் அளவை ஒரு நிரல் பவுண்டுக் கணக்கில் எழுத, அதை வாசித்த மற்றொரு நிரல் நியூட்டன் கணக்கென்று கொண்டதே. வேற்றுமை ஏறக்குறைய 4.45 மடங்கு. எண்கள் யாவும் பழுதின்றியே வந்து சேர்ந்தன. அளவையைப் பற்றிய உடன்பாடு மட்டும் ஒரு முனையில் கடைப்பிடிக்கப்படவில்லை.

இந்த உடன்பாடுகளை எழுதிவைக்கும் பழக்கம் 1969-இல் தொடங்கியது. ஆர்.எஃப்.சி. என்று வழங்கும் அந்த ஆவண வரிசையை நெடுங்காலம் பதிப்பித்தவர் ஜான் போஸ்டல், டி.சி.பி.யின் இலக்கணமும் அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டே 1981-இல் வெளிவந்தது. காசு கொடாமல், அனுமதி கேளாமல், எவரும் எடுத்து வாசிக்கலாம். வாசித்து, அதற்கிணங்க ஒரு நிரல் எழுதினால், முன்பின் அறியாத ஒருவர் உலகின் மறுகோடியில் எழுதிய நிரலோடு அது பேசும். ஒரு சிறு அலுவலகத்தின் இரு நிரல்களுக்கிடையே நடக்கும் பரிமாற்றத்துக்கும் அத்தகைய தெளிவான ஓர் ஆவணம், இரண்டு பக்கமேனும், வேண்டும். எழுதப்படாத உடன்பாடு எழுதியவர் வேலை மாறிப் போகும் நாளில் அவரோடு போய்விடுகிறது.

கடைசியாக ஒன்று. விண்ணப்பம் சென்றது, பதில் வருவதற்குள் இணைப்பு முறிந்தது. மீனாட்சி அம்மையாருக்கு இடம் பதிவாயிற்றா, இல்லையா? பைட்டுகள் சேர்ந்தன என்று டி.சி.பி. தரும் ஒப்புதல், அவை மறுமுனைக் கணினியை அடைந்தன என்பதற்கு மட்டுமே சாட்சி. சர்வரின் நிரல் அவற்றை வாசித்துக் காரியத்தை முடித்தது என்பதற்கு அது சாட்சியாகாது. பயந்து மீண்டும் அனுப்பினால், இரண்டு இடங்கள் பதிவாகி இருமுறை பணம் பிடிக்கப்படலாம். அனுப்பாமல் இருந்தால், இடமே கிடைக்காமல் போகலாம். ஆகவே விவேகமுள்ளவர்கள், செய்தியின் உள்ளே வண்டி எண்ணோடும் பெயரோடும் வயதோடும், அந்த விண்ணப்பத்துக்கே உரிய தனி அடையாள எண் ஒன்றையும் கிளையண்டே இட்டு அனுப்பும்படி வகுத்திருக்கிறார்கள். அதே எண்ணோடு அதே விண்ணப்பம் இரண்டாம் தடவை வருமானால், சர்வர் தன் பதிவேட்டைப் பார்த்து, காரியத்தை மறுபடி செய்யாமல், முதல் தடவை கொடுத்திருக்க வேண்டிய அதே பதிலை எடுத்துத் திருப்பி அனுப்பும்.